வற்றும் ஏரியும் கெடும் நீரும்

ஆண்டு மலருக்கு நீரைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் வள்ளுவரில் தொடங்கி, இளங்கோவடிகளைத் தொட்டு, மழைநீர்ச் சேமிப்பில் கொண்டுபோய் முடிப்பது வழக்கம். நானே அப்படி ஒன்றை எழுதியிருக்கிறேன். இம்முறை அப்பெரியோர்களைச் சற்று ஓய்வெடுக்க விட்டுவிட்டு, ஒரு கணக்கில் தொடங்க எண்ணுகிறேன். வேதியியல் ஆசிரியனுக்குக் கவிதையைவிடக் கணக்கே கைவந்தது.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூன்றாமாண்டு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு புழல் ஏரிக்குச் சென்றிருந்தேன். ஏரிக்குச் சென்றோம் என்பதைவிட ஏரி இருந்த இடத்திற்குச் சென்றோம் என்பதே பொருந்தும். கரைமேல் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த வண்டல். உயர்ந்து நின்ற நீரெடுப்புக் கோபுரம் காலில் செருப்பின்றி நிற்பவரைப் போல் நின்றது. ஒரு மாணவன் கேட்டான்: "சார், நிறைஞ்சிருந்தப்பவே கொஞ்சம் எடுத்து வச்சிருக்கலாமே?" மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏரியே எடுத்து வைத்ததுதான் என்று விடை சொல்லிவிடலாம். ஆனால் நிறைந்த ஏரியை எவ்வளவு வேகத்தில் இறைக்கலாம், எப்போது கையை இறுக்கலாம் என்பதுதான் அவன் உண்மையில் கேட்டது. நம்மில் படித்தவர்களும் அதற்கு விடையறியோம். செய்தித்தாளில் அன்றாடம் ஏரிகளின் இருப்பு வருகிறது. கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

அந்த எண்களைப் படிக்கக் கற்பதே முதற்பாடம். சென்னைக்கு நீர் தரும் நான்கு பழைய ஏரிகளின் முழுக் கொள்ளளவு வருமாறு: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி. கூட்டினால் 11,257. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2 கோடியே 83 லட்சம் லிட்டர். ஆகவே நான்கும் நிறைந்தால் 31,800 கோடி லிட்டருக்குச் சற்று மேல். 2019-க்கு முன் நகரில் நாள்தோறும் வழங்கப்பட்டுவந்தது சுமார் 83 கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள்: 384 நாள் வரும். ஓராண்டுக்கு மேல்! அப்படியானால் வறட்சி எங்கிருந்து வந்தது?

இந்த வகுத்தலில் மூன்று பிழைகள் உள்ளன. முதலாவது, நான்கும் ஒருங்கே நிறைவது அரிது. இரண்டாவது, ஏரியில் உள்ள நீரெல்லாம் எடுக்கத்தக்க நீரன்று. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தேங்குவது தானாக வெளிவராது, அதற்கும் அடியில் இருப்பது சேறு. மூன்றாவது பிழைதான் பெரிது. சூரியன் நம்மிடம் அனுமதி கேளாமல் குடிக்கிறான்.

நம் ஏரிகள் தட்டு போன்றவை. புழலின் முழு ஆழம் 21 அடி அளவே. செம்பரம்பாக்கம் 24 அடி. பூண்டி 35 அடி. பரப்போ மிகுதி. கோடையில் ஒருநாளில் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பிலிருந்தும் 60 லட்சம் லிட்டர் வானேறிவிடும். தலைக்கு 135 லிட்டர் என்னும் நகர்ப்புற அளவுப்படி அது 44,000 பேருக்கு ஒருநாள் நீர். இவ்விழப்பைத் தடுக்க வேதியியலார் நெடுங்காலமாக முயன்று வருகின்றனர். 1950-களில் ஆஸ்திரேலியாவில் சீட்டைல் ஆல்கஹாலை நீர்மேல் ஒற்றை மூலக்கூறுப் படலமாகப் பரப்பிப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் அருமையாக வேலை செய்யும் அப்படலத்தை ஏரியில் காற்று கிழித்துவிடும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளைப் பரப்பியதும், அவை காற்றடித்துக் கரையொதுங்கியதும், நாடே சிரித்ததும் நினைவிருக்கும். சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எண்ணத்தில் பிழையில்லை. காற்றை மறந்ததுதான் பிழை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் தங்கள் நீர்த்தேக்கம் ஒன்றில் 2015-இல் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். அதன் முதல் நோக்கம் ஆவியாதலைத் தடுப்பதன்று என்பது பலரும் அறியாதது. நீரிலுள்ள புரோமைடும் குளோரினும் வெயிலில் சேர்ந்து புரோமேட் என்னும் தீங்கான பொருளாவதைத் தடுக்கவே வெயிலை மறைத்தார்கள். நீர் மிஞ்சியது உபரி இலாபம்.

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். நம் வட்டாரத்தில் ஏரி நிறைவது வடகிழக்குப் பருவமழையில். டிசம்பர் இறுதியில் கையிலிருப்பது அடுத்த அக்டோபர் நடுப்பகுதி வரை வர வேண்டும். ஜனவரி முதல் நாளில் ஏரிகளில் 5,000 மில்லியன் கன அடி இருப்பதாகக் கொள்வோம். வீராணம் 18 கோடி லிட்டரும், கடல்நீரைக் குடிநீராக்கும் இரு நிலையங்கள் 20 கோடியும் தருமாயின், ஏரிகள் தரவேண்டியது 45 கோடி. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 16 மில்லியன் கன அடி. இருப்பில் கால்பங்கை வெயிலுக்கு எழுதிவிடுவோம்: 1,250. அடித்தேக்கத்திற்கு 300. மிச்சம் 3,450. பதினாறால் வகுத்தால் 215 நாள். ஆகஸ்டு 3-ஆம் தேதி ஏரி முடிந்தது. மழைக்கு இன்னும் 72 நாள்.

இப்போது நிர்வாகிக்கு முன் இரு வழிகள். ஜனவரியிலேயே கால்பங்கு குறைத்து நாளுக்கு 12 வீதம் எடுத்தால், 287 நாளும் ஓட்டிவிடலாம். அல்லது, "பார்ப்போம், கோடைமழை வரும்" என்று ஜூன் முதல் நாள் வரை முழு அளவு கொடுத்துவிட்டு, அதன்பின் குறைக்கலாம். அதற்குள் 2,416 செலவாகியிருக்கும். எஞ்சிய 1,034-ஐ 136 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஏழரையே கிடைக்கும். பாதிகூட இல்லை. ஜனவரியில் நாலில் ஒரு குடம் குறைவது சிரமம். ஜூனில் இரண்டில் ஒரு குடத்துக்கு மேல் போவது துன்பம்.

இது வாத்தியார் கணக்குத்தான். நீரை மெதுவாக எடுத்தால் ஏரியில் நெடுநாள் கிடக்கும் நீர் மேலும் சிறிது ஆவியாகும் என்பதை நான் சேர்க்கவில்லை. ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. சிறிய குறையை முன்னதாக ஏற்றுக்கொள்வதே பெரிய குறையைத் தவிர்க்கும் வழி. எல்லாப் பொறியாளர்க்கும் தெரிந்த இந்த உண்மை ஏன் எங்கும் நடைமுறைக்கு வருவதில்லை? ஜனவரியில் ஏரியில் நீர் பளபளக்கிறது. பொங்கல் நேரம். அப்போது குழாயை இறுக்கினால் மக்கள் ஏசுவார்கள். இறுக்கிய பின் மே மாதத்தில் எதிர்பாராமல் மழை கொட்டிவிட்டால், வீணாக வாட்டினார் என்ற பழி வேறு. இறுக்காமல் விட்டு ஜூனில் வற்றினாலோ, பழி வானத்தின்மேல் போய்விடும். எந்த அலுவலரும் எதைத் தேர்வார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆகவேதான் பல நகரங்கள் முன்கூட்டியே ஓர் அட்டவணை எழுதி வைக்கின்றன: இன்ன மாதத்தில் இருப்பு இன்ன கோட்டுக்குக் கீழே போனால் இன்ன அளவு குறைப்பு என்று. முடிவு மனிதனுடையதாக இல்லாமல் கோட்டினுடையதாக ஆகிறது. ஏச்சும் கோட்டுக்கே போகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018 பிப்ரவரி முதல் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதித்தார்கள். குழாய்கள் அடைபடும் நாளையே முன்கூட்டி அறிவித்து அச்சுறுத்தினார்கள். அணைகள் ஐந்திலொரு பங்கு அளவுக்கு இறங்கியும், அந்த நாள் வராமலே மழை வந்தது.

சென்னையின் கதை நாம் அறிந்ததே. 1872-இல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாயில் நகருக்கு வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் வந்தது. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி அணை முடிந்தது. எல்லாம் ஒரே மழையை நம்பியவை. 2003-2004 வறட்சியில் அந்த நம்பிக்கை முற்றிலும் தகர்ந்து, குழாய்வழி வழங்கலே ஏறக்குறைய நின்றுபோய் நகரம் லாரிகளின் பின்னே ஓடியது. கிருஷ்ணா நீர் 1996-இலேயே பூண்டியை எட்டியிருந்தது. வீராணம் நீர் 2004-இல் வந்தது. கடல்நீர் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் வந்தன. இவற்றின் சிறப்பு அளவில் மட்டும் இல்லை. கிருஷ்ணாவும் காவிரியும் தென்மேற்குப் பருவமழையின் பிள்ளைகள். கடலுக்கோ பருவமே இல்லை. ஒரு மழை பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே இவற்றின் பயன். 2019-இல் நான்கு ஏரிகளும் வற்றியும் நாளொன்றுக்கு 52 கோடி லிட்டர் அளவில் வழங்க முடிந்ததற்கு இதுவே காரணம். சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைக்கூட விடவில்லை. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டருடன் ரயில் வந்தபோது மாலை போட்டு வரவேற்றார்கள். ஒரு மில்லியன் கன அடி நீரைச் சுமக்க அத்தகைய ரயில் பதினொன்றுக்கு மேல் வேண்டும். அந்த ரயிலைக் குறைகூறவில்லை, தாகத்துக்கு வந்த நீர் அது. ஏரி என்றால் எத்தகைய பாத்திரம் என்று காட்டவே ஒப்பிட்டேன்.

நிர்வாகியின் சங்கடத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட நேர்ந்தது. ஏரியில் முன்பே இடம் விட்டு வைத்திருக்க வேண்டும் என்றனர் பலர். அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்தது. முன்பே நிரப்பி வைத்திருக்க வேண்டும் என்று அதே வாய்கள் சொல்லின. இரண்டும் அந்தந்த ஆண்டுக்கு உண்மை. நவம்பர் மாதத்தில் மதகருகே நிற்பவனுக்கு எந்த ஆண்டு என்பது மட்டும் தெரியாது.

இதுகாறும் நீரின் அளவைப் பற்றிப் பேசினோம். என் துறைக்கு உரிய பகுதி இனிமேல்தான் வருகிறது.

நீர் குறையும்போது கெடுகிறது

வறட்சி வேறு, மாசு வேறு என்று இரண்டு அதிகாரங்களாகப் படிக்கிறோம். ஏரியில் அவை ஒன்றாகவே வருகின்றன. ஏரிக்குள் வழியும் சாக்கடையின் அளவு மழையைப் பொறுத்ததன்று. மக்கள் தொகையைப் பொறுத்தது. ஏரி பத்தில் ஒன்றாகச் சுருங்கும்போது அதே சாக்கடை பத்து மடங்கு செறிவுடன் நிற்கிறது. ஆழம் குறைந்த நீர் விரைவில் சூடேறுகிறது, பாசி பெருகுகிறது. காற்றடித்தால் அடிமண் கலங்குகிறது. அடிச்சேற்றில் ஆக்சிஜன் அற்ற இடத்தில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து மேலே வருகின்றன. அத்தகைய நீரைத் துணிக்குப் பயன்படுத்தினால் பழுப்புக் கறை படியும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கூடுதலாக வேண்டும், குளோரின் கூடுதலாக வேண்டும். நீரிலுள்ள கரிமப்பொருளும் அமோனியாவும் குளோரினை முதலில் உண்டுவிட்டு மிச்சத்தையே கிருமிக்கு விடும். போதாக்குறைக்கு, நீர் குறைவென்று குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை விடுகிறோம். நிறைந்து அழுத்தத்துடன் ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே கசியும். வெற்றுக் குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே இருப்பது உள்ளே வரும். வெளியே இருப்பது பெரும்பாலும் சாக்கடை.

இந்தியாவின் நீர் வழங்கல் வரலாற்றில் ஒவ்வொரு மாணவனும் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1955-இல் யமுனை வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு வஜீராபாத் நீரெடுப்பு நிலையத்தை விட்டு விலகியது. நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் பின்வாங்கி நீரெடுக்கும் இடத்தை அடைந்தது. நிலையத்தார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, குளோரினைக் கூட்டினார்கள். பாக்டீரியாச் சோதனைகள் பெரிதும் அச்சமூட்டவில்லை. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் மாதத்திலும் அடுத்த ஜனவரியிலும் டெல்லியில் மஞ்சள்காமாலை பரவியது. கண் மஞ்சளித்தவர் மட்டும் 29,300 பேர் என மதிப்பிட்டனர். பாக்டீரியாவை அடக்கிய குளோரின் வைரசை அடக்கவில்லை. கலங்கல் நீரில் துகளுக்குள் ஒளிந்த வைரசைக் குளோரின் எட்டாது. தெளிந்த நீரும் போதிய நேரமும் அதற்கு வேண்டும். அக்காலத்தில் சேமித்து வைத்த இரத்த மாதிரிகளை ஆராய்ந்து, அது அதுவரை அறிந்த காமாலை வைரசன்று என்று 1980-இல் அறிவித்தார்கள். இன்று அதை ஹெபடைட்டிஸ் ஈ என்கிறோம். கருவுற்ற தாய்மார்களுக்கு அது மிகக் கொடியது.

நீரெடுக்கும் இடத்தில் நஞ்சு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் செய்யத்தக்க முதற்செயல், மதகை மூடுவது. சொல்ல எளிது. மூடினால் நகரம் எத்தனை மணிநேரம் தாங்கும் என்பது சுத்தமான நீர்த்தொட்டிகளில் அன்று இருக்கும் இருப்பைப் பொறுத்தது. வேறோர் ஏரிக்கு மாறிக்கொள்ள முடியுமானால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வறட்சியில் மற்ற ஏரிகளை முன்பே வற்றவிட்டிருப்போம்! ஆழமற்ற ஏரியை முதலில் இறைத்து ஆழமான ஏரியைக் கடைசிக்கு வைப்பது ஆவியாதல் கணக்குப்படி சரி. ஆனால் கடைசியில் நகரமே ஓர் ஏரியின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் அதில் ஒரு லாரி அமிலம் கவிழ்ந்தால் என் செய்வது? ஆகவே சிறிது ஆவியானாலும் பாதகமில்லை, இரண்டாவது ஏரி ஒன்றில் சில நாள் நீரைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீர்க்கணக்கு மட்டும் அறிந்தவர் இதை வீண் என்பர். நான் ஒப்பமாட்டேன்.

2005 நவம்பர் 13 அன்று சீனாவின் ஜிலின் நகரப் பெட்ரோ-ரசாயன ஆலையில் வெடிவிபத்து நேர்ந்து, பென்சீனும் நைட்ரோபென்சீனும் சுமார் 100 டன் அளவில் சொங்குவா ஆற்றில் கலந்தன. கீழேயுள்ள ஹார்பின் நகரம் அந்த ஆற்றையே குடித்துவந்தது. மாசுப் பட்டை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம். நகர நிர்வாகம் நீரெடுப்பை மூடி நான்கு நாள் குழாய்களை நிறுத்தியது. மேலேயுள்ள அணையிலிருந்து கூடுதல் நீர் திறந்து செறிவைக் குறைத்தார்கள். நிறுத்திய நிலையத்தை மீண்டும் இயக்கக் கிளர்வூட்டிய கரித்தூளை நீரெடுக்கும் இடத்திலேயே தூவினார்கள். பென்சீன் வகைகளைக் கரி பற்றிக்கொள்ளும் என்பது நம் ஆய்வுக்கூடப் பாடம். இவையெல்லாம் நன்று. ஆனால் முதல் அறிவிப்பில், குழாய்ப் பராமரிப்புக்காக நீர் நிறுத்தம் என்றே சொன்னார்கள். மக்கள் நம்பவில்லை, கடைகளில் பாட்டில் நீர் நொடியில் தீர்ந்தது, ஊரைவிட்டு வெளியேறவும் பலர் முற்பட்டனர். மறுநாள் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

உண்மையைச் சொல்வதிலும் நுட்பம் உண்டு. "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்பது நம் நாவில் தானாக வரும் அறிவுரை. கிருமிக்கு அது சரி. 2014 ஆகஸ்டு 2 அன்று அமெரிக்காவின் டொலீடோ நகரில், ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி கக்கிய மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு சுத்திகரித்த நீரிலேயே காணப்பட்டது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு நிர்வாகம் விடுத்த எச்சரிக்கை: குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். கொதித்தால் நீர் குறையும், நஞ்சு குறையாது, செறிவு கூடும். நைட்ரேட்டுக்கும் இதே விதிதான். எதனால் கெட்டது என்று அறியுமுன் எப்படித் திருத்துவது என்று சொல்லக்கூடாது.

விடுதித் தொட்டி

பிறர் பிழைகளை இவ்வளவு நேரம் அடுக்கிய நான் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2017 கோடையில் வேறோர் ஊரில் பணியாற்றியபோது ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளராக இருந்தேன். ஊர்க் குழாயில் வாரம் ஒருமுறை நீர்; மற்ற நாளெல்லாம் லாரி. லாரி நீர் தரைக்கடித் தொட்டியில் கொட்டப்பட்டு, மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அளவு 10,000 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமெனில் மொத்தம் 20 கிராம். பிளீச்சிங் பவுடரில் கால்பங்கே குளோரின் என்பதால் 80 கிராம் தூள். கரைத்து, தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட வேண்டும். இதை நானே காவலருக்குக் கற்றுக்கொடுத்தேன். நாள்தோறும் காலை எட்டு மணிக்குத் தொட்டி நீரில் சோதனை மாத்திரையைக் கரைத்துப் பார்ப்பேன். இளஞ்சிவப்பு அழகாக வரும். குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுவேன். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து எனக்கே ஒரு பெருமிதம்.

ஏப்ரல் நடுவில் முதல் மாணவன் சோறு பிடிக்கவில்லை என்றான். மூன்றாம் நாள் கண் மஞ்சளித்தது. மாத இறுதிக்குள் ஒன்பது பேர். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே சார்" என்றார் காவலர். நானும் குறிப்பேட்டைக் காட்டினேன். விடுதிக்கு வந்த சுகாதார ஆய்வாளர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மேல்மாடிக் கடைசிக் குழாயில எப்போ பார்த்தீங்க சார்?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு மாடி ஏறினோம். மாலை ஆறு மணி. குப்பியில் போட்ட மாத்திரை கரைந்தது. நீர் நிறம் மாறவே இல்லை. குடிநீர்த் தர விதி குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்ச வேண்டும் என்கிறது. அங்கே இருந்தது பூஜ்யம்.

பிறகு தேடியதில் தெரிந்தது: மோட்டாரிலிருந்து மேலேறும் குழாய், கழிவறைச் சாக்கடைக்கு அருகே மண்ணுக்குள் ஓரிடத்தில் இணைப்பு தளர்ந்திருந்தது. மோட்டார் ஓடும்போது நீர் கசிந்து மண்ணை ஈரமாக்கியது; நின்றதும் குழாயில் இருந்த நீர் பின்னிறங்க, ஈரமண்ணிலிருந்ததை உறிஞ்சியது. மாடித் தொட்டியின் அடிச்சேறு எஞ்சிய குளோரினைத் தின்றது. நகரத்தின் பெரிய குழாய்களில் நிகழும் அதே விபத்து, ஐம்பது அடிக் குழாயில். மேலும் ஒன்று. இந்நோய் உடலில் புகுந்து வெளிப்பட நான்கு வாரம் அளவாகிறது. ஏப்ரலில் படுத்த மாணவர்கள் மார்ச்சில் குடித்த நீருக்கு விலை கொடுத்தார்கள். நான் சோதித்துக் கையெழுத்திட்ட அந்த மார்ச்சில்.

எண்மர் தேறி எழுந்து தேர்வு எழுதினார்கள். முதலில் படுத்தவன் எழுதவில்லை. அவன் தந்தை கூலி வேலைக்காரர். வந்து மகனை அழைத்துப் போகும்போது என்னைக் கும்பிட்டு, "நீங்கதான் பார்த்துக்கிட்டீங்கன்னு சொன்னான் ஐயா" என்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நவம்பரில் அவன் நிலுவைத் தாள்களை எழுதித் தேர்ச்சி பெற்றான் என்பதை இங்கே குறித்துவிடுகிறேன்.

இப்போதுள்ள கல்லூரியில் நான் விடுதிப் பொறுப்பில் இல்லை. ஆயினும் சனிக்கிழமை தோறும் மாலையில் மூன்றாமாண்டு மாணவர் இருவர் என்னுடன் விடுதிக்கு வருகின்றனர். தொட்டியருகே போவதில்லை. நேரே மேல்மாடிக்குச் சென்று, தெற்குக் கோடிக் குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, பத்து மில்லிலிட்டர் பிடித்து மாத்திரையைப் போடுகிறோம். குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் உள்ளன: ஒன்றில் நிறம், மற்றொன்றில் அன்று காலைச் செய்தித்தாளில் வந்த ஏரிகளின் இருப்பு. சென்ற மே மாதத்தில் இருப்பு இறங்க இறங்க நிறமும் வெளுத்துக்கொண்டே வந்ததை மாணவர்களே கண்டு வரைபடத்தாளில் குறித்திருக்கின்றனர். வேதியியல் துறைச் சுவரில் அது ஒட்டப்பட்டிருக்கிறது. விரும்புவோர் வந்து பார்க்கலாம்.